சென்ட் அடிக்காமல் வரவும்

இல்லம்மா, கோவமெல்லாம் ஒண்ணும் கிடையாது. நீங்க மொதல்ல உக்காருங்க, நீங்க நின்னா எனக்குப் பேச்சு வராது. பொண்ணோட அம்மா பத்திரிக்கை வைக்க வந்துட்டு, வாசப்படியில ஒரு கால வச்சதும் முந்தானைய மூக்குல பொத்திக்கிட்டுத் திரும்பிப் போனா யாருக்குத்தான் சங்கடமா இருக்காது? நம்ம வீடு ஆகலையா, இல்ல நம்மளயே ஆகலையான்னுதான் தோணும். உங்க முகம் சுண்டிப்போனத நான் பாத்தேனே. நீங்க எங்க மாப்பிள்ளைக்கு ஒரே அக்கா. அம்மா தவறினப்புறம் செண்பகம் அக்காதான் என்னை வளத்துச்சுன்னு முகிலன் தம்பி வாய் ஓயாமச் சொல்லுவாரு. உங்க மனசு நோக விட்டுட்டு நாங்க என்ன கல்யாணம் பண்றது? தட்டு அப்படியே இருக்கட்டும். பத்திரிக்கைய நான் ஒத்தை ஆளா நீட்டமாட்டேன், அது மரியாதை இல்ல. முன்ன விசயத்தைக் கேளுங்க.

அங்க பாருங்க, ஜன்னல் வழியா. ஏலக்காய்க் கிடங்குக்கு எதுத்தாப்ல, வேப்பமரத்தடிக் கல்லுல உக்காந்திருக்கா பாருங்க, ஊதாச் சேலை. நாம பாக்குறது தெரிஞ்சு கைய ஆட்டுறா பாருங்க. அவதான் எங்க வீட்டம்மா, மங்கையர்க்கரசி. நிச்சயத்துக்கு நீங்க வர முடியாமப் போச்சு, வந்திருந்தா அன்னிக்கே விளங்கியிருக்கும். பேருக்கு ஏத்த மாதிரி அரசிதான். அரசி எங்க கிளம்பினாலும் பத்தடி முன்னால நான் போய், "ஊதுபத்திய அமத்துங்க, கதவத் தொறந்து வைங்க"ன்னு கட்டியம் கூறணும். இன்னிக்கு நான் செருப்பக் கழட்டுறதுக்குள்ள அவ முந்திட்டா, அதான் இவ்வளவும்.

உங்க மேல தப்பே இல்ல. விருந்தாளி வர்றாங்கன்னு தரைக்குப் பினாயில் போட்டிருக்கீங்க, ஊதுபத்தி பொருத்தியிருக்கீங்க, அந்தா சுவத்துல கரண்டுல சொருகுற வாசனை டப்பா வேற. வேற ஆளா இருந்தா உள்ள வந்ததும் "என்னா மணம்!"னுவாங்க. இவளுக்கு அது தொண்டையப் புடிக்கும். நெஞ்சு அடைக்கும், தலைய இடிக்கும். ரொம்ப நேரம் உள்ள இருந்தா பேச்சு குழறிப்போகும், சொல்ல வந்த வார்த்தை வராது. ரெண்டு நாள் படுக்கை.

அப்ப ஏலக்காய் வாசம் ஒண்ணும் பண்ணாதான்னு கேக்குறீங்க. பண்ணாது! அதானம்மா வேடிக்கை. ஏலக்காய் பண்ணாது, சாணி பண்ணாது, கருவாடு பண்ணாது. கடையில பாட்டில்லயும் டப்பாலயும் அடைச்சு விக்கிறோமே, அதுதான் பண்ணும். எங்க மச்சான் ஒருத்தரு சொன்னாரு, "கருவாட்டுக்கு அசையாதவ சென்ட்டுக்கு மயங்குறாளாம், நல்லா இருக்குய்யா நடிப்பு"ன்னு. நானும் சேர்ந்து சிரிச்சேன். சிரிச்சேன்னு மறைக்காமச் சொல்றேன்.

நான் யாரு? பாட்டில்லயும் டப்பாலயும் அடைச்சு வித்தவன். உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டு பக்கத்துல இருபத்தெட்டு வருசம் பேன்சி ஸ்டோர். சென்ட்டு, பவுடரு, நகப் பாலீசு, அத்தர், தலைக்கு அடிக்கிற ஸ்ப்ரே, பீரோவுக்குப் போடுற அந்துருண்டை, என்ன வேணும் உங்களுக்கு? கடைக்குப் பேரே "அரசி பேன்சி". கல்யாணமான வருசம் ஆசையா வச்ச பேரு. காலையில பத்து மணிக்குள்ள உக்காந்தா ராத்திரி ஒம்பது வரைக்கும் அந்த வாசத்துக்குள்ளயே கிடப்பேன். என் மூக்கு எப்பவோ செத்துப்போச்சு. இப்ப உங்க வீட்டுல என்ன மணக்குதுன்னு எனக்குத் தெரியாது. ஊதுபத்திப் புகை கண்ணுக்குத் தெரியுது, அதை வச்சுச் சொல்றேன்.

எட்டு வருசத்துக்கு முன்ன, ஐப்பசி மாசம், வீட்டுக்குப் பெயின்ட் அடிச்சோம். அடை மழை. ஜன்னலையெல்லாம் சாத்திக்கிட்டு உள்ளயே இருந்தா. பத்து நாள். அதுக்கப்புறம்தான் ஆரம்பிச்சுது. மொதல்ல பெயின்ட் ஆகலைன்னா. சரி, பெயின்ட்தானேன்னு விட்டேன். அப்புறம் பினாயில் ஆகல. அப்புறம் கொசுவத்தி. துணி சோப்பு. பக்கத்து வீட்டுப் பிள்ளை சடைக்குத் தேய்ச்ச எண்ணெய். கடைசியா ஒரு நாள் நான் கடையில இருந்து வந்து சோத்துக்கு உக்காருறேன், தட்ட வச்சுட்டு நாலடி தள்ளிப் போய் நிக்கிறா. என்னடின்னேன். "உங்க சட்டை"ன்னா.

எப்படி இருக்கும் எனக்கு? இருபத்தெட்டு வருசமா அந்தச் சட்டைதானம்மா சோறு போட்டுச்சு.

டாக்டர்கிட்ட போகாமலா? தேனியில பாத்தோம், மதுரையில பாத்தோம். ரத்தம் எடுத்தாங்க, நெஞ்சைப் படம் புடிச்சாங்க, எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்க. ஒரு டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டு, "வீட்ல ஏதாவது மனவருத்தமா?"ன்னாரு. நான் என்ன பண்ணேன், "ஆமா சார், நடிக்கிறாளோன்னு சந்தேகமாத்தான் இருக்கு"ன்னு தலைய ஆட்டிட்டு வந்துட்டேன். அவ வெளிய பெஞ்சுல உக்காந்து கேட்டுக்கிட்டிருக்கா. கதவு தொறந்து கிடந்துச்சு, நான் கவனிக்கல.

இப்பச் சொல்லப் போறதுக்கு நீங்க என்னைத் திட்டலாம். நான் ஒரு சோதனை வச்சேன். வியாபாரி புத்தி, எதையும் உரசிப் பாத்துத்தான் நம்பும். மத்தியானம் அவ கொஞ்ச நேரம் சாய்வா. அதுக்கு முன்ன, பஞ்சுல ரெண்டே சொட்டு சென்ட்டை விட்டு, தலகாணி உறைக்குள்ள அடியில சொருகிட்டேன். நடிப்பா இருந்தா தெரியாது பாருங்க, கண்ணுல பட்டாத்தானே நடிக்க முடியும்? நான் கூடத்துல பேப்பர் படிக்கிற மாதிரி உக்காந்துக்கிட்டேன். பத்து நிமிசம் ஆகல. எந்திரிச்சு உக்காந்துட்டா. கழுத்தப் புடிச்சுக்கிட்டு, சொம்பக் காட்டுறா. "தண்ணி"ங்கிற சொல்லு வரல அவளுக்கு. வாய் தொறக்குது, சொல்லு வரல.

ஓடிப்போய் அந்தப் பஞ்ச உருவி எடுத்தேன். எடுத்து எங்க வச்சேன் தெரியுமா? என் சட்டைப் பையில. வச்சுக்கிட்டே அவ பக்கத்துல உக்காந்து முதுகத் தடவுறேன், அவ என்னைத் தள்ளித் தள்ளி விடுறா. ஏன் தள்ளுறான்னு எனக்குக் கோவம் வேற. அப்புறம்தான் உறைச்சுது. அன்னிக்குச் சாயங்காலமே உண்மையச் சொல்லிட்டேன். மூணு நாள் அவ என்கூடப் பேசல. ஒரு வார்த்தை பேசல. சோறு போட்டா, குழம்பு ஊத்துனா, பேசல. அந்த மூணு நாள் மாதிரி என் வாழ்க்கையில நான் பட்டதில்ல. இனிமே எந்தக் குத்தத்தையும் இவகிட்ட ஒத்துக்கக் கூடாதுன்னு அன்னிக்கு முடிவு பண்ணேன்.

சிரிக்கிறீங்க. சிரிங்க, நீங்க சிரிச்சாத்தான் எனக்குத் தைரியம் வருது.

அப்புறம் மதுரையில ஒரு லேடி டாக்டர், வயசான அம்மா. அவங்கதான் சொன்னாங்க, "இதுக்கு மாத்திரை தேடி அலையாதீங்க. எது ஒத்துக்கலையோ அதை வீட்டுல இருந்து எடுங்க, காத்து வர விடுங்க. அதவிட முக்கியம், அவங்க முடியலைன்னா முடியலைன்னு நம்புங்க"ன்னு. நான் கேட்டேன், "எவ்வளவு நாளைக்கு டாக்டர்?" அவங்க கண்ணாடியக் கழட்டிட்டு என்னைப் பாத்து, "எதுக்கு, நம்புறதுக்கா?"ன்னாங்க.

எடுத்தோம். ஒண்ணொண்ணா எடுத்தோம். தரைக்கு வெந்நி, பாத்திரத்துக்குச் சாம்பல், துணிக்குப் பூந்திக்கொட்டை. கடையக்கூட மாத்திட்டேன். இப்பப் பாத்திரக் கடை வச்சிருக்கேன், எவர்சில்வருக்கு வாசம் கிடையாது பாருங்க. அவளுக்காக மாத்தினேன்னு நினைச்சுறாதீங்க, அப்படியெல்லாம் பொண்டாட்டிக்குப் பயந்தவன் இல்ல நான். பேன்சி யாவாரம் படுத்துருச்சு, அதான். எங்க அக்கா மகன் அந்தக் கடைய எடுத்து நடத்துறான். இப்ப மாடி போட்டு, பக்கத்துக் கடையையும் சேத்துப் புடிச்சுட்டான். அவனுக்கு ஏதோ நேரம்.

சரி, இப்ப விசயத்துக்கு வரேன். மூணு வருசத்துக்கு முன்ன மூத்தவ கயல்விழி கல்யாணம். உசிலம்பட்டியிலதான். கல்யாண மண்டபம்னா என்னென்ன இருக்கும்னு உங்களுக்குத் தெரியும். வாசல்ல பன்னீர் தெளிப்பாங்க, உள்ள ஊதுபத்தி, கக்கூசுல பினாயில், வந்த சனம் பூராவும் சென்ட்டு. அவ சொன்னா, "நான் வீட்டுலயே இருந்துக்கிறேன், போன்ல பாத்துக்கிறேன்"னு. பெத்தவ போன்ல பாக்குறதா? எனக்கு வீம்பு வந்துருச்சு. "நீ வந்து மணவறையில நிக்கிற, தாரை வாக்கிறப்ப நீதான் தண்ணி ஊத்துற, மத்தத நான் பாத்துக்கிறேன்"னு சொல்லிட்டேன்.

மண்டபத்துக்காரர்கிட்ட பேசி மூணு நாள் முன்னயே பினாயில நிறுத்தினேன். பன்னீர்ச் செம்ப எடுத்து ஒளிச்சு வச்சேன். பத்திரிக்கையில, தங்கள் நல்வரவை நாடும்னு போடுவோம்ல, அதுக்குக் கீழ ஒரு வரி போட்டேன். "சென்ட் அடிக்காமல் வரவும்." அச்சுக்காரன் ரெண்டு தடவை போன் போட்டுக் கேட்டான், "அண்ணே, தப்பா எழுதிட்டீங்களா?"ன்னு. ஊரே கொந்தளிச்சுருச்சு! அந்தக் கருவாட்டு மச்சான் பத்திரிக்கையக் கையில புடிச்சுக்கிட்டு வீட்டுக்கே வந்துட்டாரு. "ஏன்யா, குளிக்காம வரவும்னும் சேத்துப் போட்டிருக்க வேண்டியதுதான?"ன்னு. ஒவ்வொரு வீடாப் போய் உக்காந்து, இப்ப உங்ககிட்ட சொல்ற மாதிரி, விளக்கம் சொன்னேன். எண்பத்திநாலு வீடு. எல்லா வீட்டுலயும் காப்பி குடிச்சேன், சுகர் ஏறினதுதான் மிச்சம்.

ஆனா ஒண்ணு சொல்லணும், நம்ம சனம் தங்கமான சனம். கல்யாணத்தன்னிக்கு ஒருத்தரும் சென்ட் அடிச்சுட்டு வரல. நான் வாசல்ல நின்னுக்கிட்டு ஒவ்வொருத்தரையும், "போட்டிருக்கீங்களா? போட்டிருக்கீங்களா?"ன்னு கேட்டு உள்ள விட்டேன். மோந்து பாக்க எனக்கு மூக்கு கிடையாது, கேட்டுத்தானே ஆகணும். மாப்பிள்ளையோட சிநேகிதப் பயலுக மூணு பேரு மட்டும் முழிச்சானுங்க. குழாயடிக்குக் கூட்டிட்டுப் போய்க் கழுத்தக் கழுவ விட்டேன். கெத்தா இருந்துச்சும்மா எனக்கு. எட்டூருல எவனும் இப்படி ஒரு கல்யாணம் நடத்தியிருக்க மாட்டான்னு நெஞ்ச நிமித்திக்கிட்டு நின்னேன்.

எங்க கோட்டை விட்டேன் தெரியுமா? நீங்களே சொல்லுங்க பாப்போம், நீங்களும் பொம்பளைதான.

பட்டுச்சேலைம்மா. பட்டுச்சேலை!

வருசம் பூரா அது எங்க கிடக்கும்? பீரோவுல. பீரோவுல மடிப்புக்கு மடிப்பு என்ன கிடக்கும்? அந்துருண்டை. இருநூறு பொம்பளைங்க, இருநூறு பீரோ. சென்ட் அடிக்காம வாங்கன்னு சொன்னேன், வந்தாங்க. அந்துருண்டை வாசத்தை யாராவது வாசம்னு நினைப்போமா? அது பட்டோட மணம்னுதான நினைச்சுக்கிட்டு இருக்கோம். நானே இருபத்தெட்டு வருசமா அதை டப்பா டப்பாவா வித்தவன், எனக்கே தோணல.

அப்பவும் அவ சமாளிச்சுட்டா. மணவறைக்குப் பக்கத்துல பெரிய ஜன்னல், அதை ஒட்டி நின்னுக்கிட்டா. கிட்ட வந்த பொம்பளைங்ககிட்ட எல்லாம் தூரத்துல இருந்தே கும்பிடு போட்டா. மூஞ்சி கொஞ்சம் வெளிறிப்போச்சு, ஆனா சிரிச்ச மூஞ்சிதான். பாதபூசைக்குக் கூப்பிட்டாங்க. ரெண்டு நாக்காலி போட்டு எங்க ரெண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்துல உக்கார வச்சு, கயல்விழி எங்க காலைக் கழுவி மஞ்ச குங்குமம் வைக்கிறா. அதுக்கு ஒரு இருபது நிமிசம் ஆயிருக்கும். அடுத்து தாரை வாக்கணும். ஐயர் சொம்ப எடுத்து இவ கையில குடுக்குறாரு. கை வாங்கல. எந்திரிச்சா. நெஞ்சுல கைய வச்சுக்கிட்டு, பந்தி நடக்குற பக்கமாப் போய், பின்வாசல் வழியா வெளிய போயிட்டா. முகூர்த்தம் போய்க்கிட்டிருக்கு, காத்திருக்க முடியல. என் தம்பி சம்சாரம் வந்து சொம்ப வாங்கித் தண்ணி ஊத்துச்சு. நான் மகள் கைய மாப்பிள்ளை கையில வைக்கிறேன், கயல்விழி என்னைப் பாக்கல. பின்வாசலையே பாத்துக்கிட்டு அழுகுறா.

தாலி கட்டுறப்ப மேளச் சத்தம் கேட்டுச்சாம் அவளுக்கு. சமையல் கொட்டகைக்கு அந்தப் பக்கம், விறகு அடுக்கியிருந்த இடத்துல உக்காந்து கேட்டிருக்கா. கெட்டி மேளம் கேட்டதும் கையில இருந்த அட்சதைய அங்க இருந்தே போட்டாளாம்.

எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். யாரு சேலைன்னு தேடினேன். எங்க சின்னம்மா ஒண்ணு மணவறைக்குப் பக்கத்துலயே நின்னுச்சு, மாம்பழக் கலர்ப் பட்டு, அதோட கல்யாணப் பட்டே அதான். பக்கத்துல போன எல்லாரும் சொன்னாங்க, உருண்டை வாசம் தூக்குதுன்னு. அம்புட்டுப் பேரு மத்தியில அதைப் புடிச்சுத் திட்டிட்டேன். "உன் சேலையால எம் பொண்டாட்டி மணவறைய விட்டு எந்திரிச்சுப் போனா"ன்னு. அது பாதிச் சாப்பாட்டுல எந்திரிச்சுப் போயிருச்சு. இன்னிக்கு வரைக்கும் எங்கூடப் பேச்சு வார்த்தை இல்ல.

இதுல ஒரு கூத்து கேளுங்க. அரசி மாசம் ஒரு தடவை அந்தச் சின்னம்மா வீட்டுக்குப் போறா. முத்தத்துல நின்னு அரை மணி நேரம் பேசிட்டு, முருங்கக்கா பறிச்சுக்கிட்டு வர்றா. "உன்னை அந்தப் பாடு படுத்துனவகிட்ட உனக்கென்னடி பேச்சு?"ன்னா சிரிக்கிறா. பொம்பளைங்க மனசு நமக்கு எங்க விளங்குது.

அம்மா, கொஞ்சம் கிட்ட வாங்க. சத்தமாச் சொல்ல முடியாது. அந்த ஜன்னல ஒருக்களிச்சு வைங்க... அவ காது வேற ரொம்பக் கூர்மை.

அது சின்னம்மா சேலை இல்ல.

என் வேட்டி.

கல்யாணத்துக்குன்னு ஆறு மாசத்துக்கு முன்னயே நல்ல பட்டு வேட்டி ஒண்ணு எடுத்து வச்சிருந்தேன், அகலக் கரை. வீட்டுல வச்சா பூச்சி அரிக்கும். உருண்டை போட அவ விடமாட்டா. அதனால கடைக் கிடங்குல பழைய ட்ரங்குப் பெட்டியில வச்சேன். பேன்சிக் கடைச் சரக்குல மிச்சம் மீதி உருண்டை அதுல கிடந்துச்சு. மடிப்புக்கு ஒண்ணா ஆறு உருண்டை வச்சேன். ஆறு! கல்யாணத்தன்னிக்குக் காலையில நேரா எடுத்துக் கட்டிக்கிட்டு வந்து, வாசல்ல நின்னு ஊரைச் சோதிச்சவன் நான்தான். எனக்கெங்க மூக்கு? அன்னிக்குச் சாயங்காலம் வேட்டிய மடிக்கிறேன், கரை மடிப்புக்குள்ள இருந்து பாதி கரைஞ்ச உருண்டை ஒண்ணு என் கால்ல விழுது. பாதபூசைக்கு இருபது நிமிசம் ஒட்டி உக்காந்திருந்தது சின்னம்மாவா, நானா?

சொல்லல. எப்படிச் சொல்றது? பஞ்சுக்கே மூணு நாள் பேசல. இதுக்கு மூணு வருசம் பேசாம இருந்துட்டா? வேட்டியக் கோயிலுக்குக் குடுத்துட்டேன். அவளுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. நான் அதுல ரொம்ப உசாரு. இப்பல்லாம் நான் எங்க கிளம்பினாலும், என் சட்டை வேட்டிய அவளே எடுத்து மூணு நாள் கொடியில நிழல்ல போட்டு, அப்புறம்தான் கட்ட விடுறா. வேலை இல்லாதவ, என்னத்தையாவது காயப் போட்டுக்கிட்டே இருப்பா. உங்க காதோட வைங்க இதை. உங்க தம்பிக்கும் தெரிய வேணாம், மாமனாருன்னா ஒரு மரியாதை இருக்கணும்.

உங்ககிட்ட எதுக்கு இவ்வளவையும் அவுத்து விடுறேன்னு நினைப்பீங்க. காரணம் இருக்கு. இப்ப இளையவ தேன்மொழி கல்யாணம். இதுதான் கடைசி, எனக்கு மூணாவது மக கிடையாது. இந்தத் தடவையாவது அரசி கையால தண்ணி ஊத்தணும். அதுல நான் உறுதியா இருக்கேன். மண்டபமே வேணாம்னு, காத்தோட்டமாத் தென்னந்தோப்புல பந்தல் போடுறோம். எங்க பக்கத்துச் சேலையெல்லாம் இந்த வாரமே வெளிய வந்துரும், சொல்லிட்டேன். ஆனா மணவறையில அவளுக்கு ரொம்பப் பக்கத்துல நிக்கப் போறது யாரு? நீங்க. உங்க தம்பி ஒரு முடிச்சு போட்டதும், நாத்தனார் முடிச்சு போட நீங்கதான் பின்னால நிக்கணும். நீங்க கட்டப் போற பட்டு இப்ப எங்க இருக்கு?

ம்... பீரோவுல. உருண்டையோட.

எவ்வளவு? பத்தா! நீங்க என்னையும் மிஞ்சிட்டீங்கம்மா.

புதுசு எடுத்துக்கவான்னு கேக்காதீங்க, புதுசுல வேற மருந்து வாடை இருக்குமாம். இன்னும் இருபத்திரெண்டு நாள் இருக்கு. உருண்டைய எடுத்து எறிஞ்சுட்டு இன்னிக்கே நிழல்ல, காத்துல போட்டீங்கன்னா போயிரும். வெயில்ல வேணாம், சாயம் போயிரும். தினம் ஒரு தடவை மாத்தி மடிச்சுப் போடுங்க. தலைக்கு ஸ்ப்ரே வேணாம், முகத்துக்குப் பவுடர் வேணாம். நீங்க அழகுக்கு ஆள் சொல்லி வச்சிருப்பீங்க, தெரியும். அந்தப் பிள்ளைகிட்ட சொல்லி, மஞ்சளும் கண்மையுமா ஒப்பேத்தச் சொல்லுங்க. உங்களுக்கென்னம்மா குறைச்சல், பவுடர் போட்டுத்தான் தெரியணுமா? அரசி வாசனைய வெறுக்குறவ இல்ல. ஒரு காலத்துல எங்க கடையில முதல் பாட்டில அவதான் தொறந்து பாப்பா. அவளுக்கு முடியல, அவ்வளவுதான்.

இருங்க, போன் அடிக்குது. அவதான்.

என்னாம்மா? ...ஆமா, பேசிக்கிட்டுத்தான் இருக்கேன். ...கோவமெல்லாம் இல்ல, அவங்க தங்கமானவங்க. ஊதுபத்திய அமத்திட்டாங்க. ...சேலையா? சொல்லிட்டேன். காயப் போடுறேன்னுட்டாங்க. ...எல்லாத்தையும்தான். பெயின்ட்ல இருந்து. ...பஞ்சையும்தான், ஏன், எனக்கென்ன வெட்கம்? ...சின்னம்மா விசயமும் சொன்னேன். ...என்னாது?

...எந்த வேட்டி?

...

...யாரு சொன்னா உனக்கு?

...

...இல்ல, கேக்குது. கேக்குது, சொல்லு.

...

...சரி. சரி, வை. வரோம்.

ஒண்ணும் இல்லம்மா. ஒண்ணும் இல்ல. உக்காருங்க. நீங்க உக்காருங்க. தெரியுமாம். அன்னிக்கே தெரியுமாம். நாக்காலியில நான் வந்து உக்காந்த உடனேயே தெரிஞ்சுதாம், வாசம் என் வேட்டியில இருந்துதான்னு. "அப்பவே சொல்லியிருந்தா மாத்திட்டு வந்திருப்பேனேடி"ன்னு கேக்க வந்தேன். அதுக்கும் அவளே பதில் சொல்லிட்டா. மாத்த நேரம் இல்லியாம், மாத்து வேட்டியும் இல்லியாம். ரெண்டு பேருல ஒருத்தர்தான் மணவறையில இருக்க முடியும்னு ஆகிப்போச்சாம். "தண்ணிய யாரு வேணாலும் ஊத்தலாம். மகள் கையப் புடிச்சுக் குடுக்க அப்பன்தான இருக்கணும்?"ங்கிறா. அதனால எந்திரிச்சுப் போனாளாம். பாதபூசை முடியுற வரைக்கும் மூச்ச அடக்கி அடக்கி உக்காந்திருந்தாளாம், பிள்ளை காலக் கழுவுறப்ப எந்திரிக்கக் கூடாதுன்னு.

மூணு வருசம்மா. மூணு வருசமா என் துணியக் கொடியில போட்டுக்கிட்டே இருந்திருக்கா. சின்னம்மாகிட்ட என் சார்பா மன்னிப்புக் கேட்டுட்டு வந்திருக்கா. நான் முருங்கக்காயத் தின்னுட்டு, பொம்பளைங்க மனசு விளங்கலைன்னு பேசிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்.

இல்ல இல்ல, அழுகல. மூக்குதான் செத்துப்போச்சு, கண்ணு நல்லாத்தான் இருக்கு எனக்கு.

எங்க கிளம்புறீங்க? அங்கயா? மரத்தடிக்கா? பத்திரிக்கைய அங்கயே வாங்கிக்கிறீங்களா? ...நல்லது தாயி. நீங்க நல்லா இருப்பீங்க. தட்ட நீங்களே எடுத்துக்கிட்டு முன்னால போங்க. ரெண்டடி தள்ளி நில்லுங்க, அவளே கூப்பிடுவா. நான் மூஞ்சியக் கழுவிட்டு வந்துர்றேன், இப்படியே போனா என்னைக் கேலி பண்ணியே கொன்னுருவா. குழாய் எந்தப் பக்கம்? ...சோப்பெல்லாம் வேணாம்மா, வெறுந் தண்ணி போதும்.